மேய்த்தலும் காத்தலும்

தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் பழைய நில ஆவணங்களைப் புரட்டிப் பார்ப்போருக்கு ‘மேய்க்கால் புறம்போக்கு’ என்னும் சொல் அடிக்கடி கண்ணிற்படும். ஊர் மாடுகள் மேய்வதற்கென்று, தனியொருவருக்கு உடைமையாக்கப்படாமல் விடப்பட்ட நிலம் அது. இன்று அந்நிலங்கள் பலவற்றில் கட்டடங்கள் எழுந்து நிற்கின்றன. சென்னை நகருக்குள் மந்தைவெளி என்றொரு பகுதி உண்டு. அங்கே மந்தையும் இல்லை, வெளியும் இல்லை. ஆயினும் நம் புறநகர்ப் பகுதியினின்று கால்நடைகள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. முதுகில் உண்ணிக்கொக்குகளைச் சுமந்துகொண்டு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரங்களில் இறங்கும் எருமைகளை, வேளச்சேரிக்கும் தாம்பரத்திற்கும் இடையே பயணம் செய்வோர் இன்னமும் காண்கின்றனர்.

அவ்வெருமைகளைப் பற்றி எழுத நமக்குத் தகுதி உண்டா என்பது ஐயத்திற்குரியதே. ஏனெனில் சில ஆண்டுகளுக்கு முன் அவற்றுக்கு எதிராகக் கையொப்பமிட்டவர்களுள் நாமும் ஒருவர்.

நம் பங்கின் எல்லையில் ஓர் ஏரி உண்டு. மழைக்காலத்திற்குப் பின் அங்கே நீர்ப்பறவைகள் வந்து தங்கும். ஏரியைச் சுற்றி வேலியிட்டு மாடுகளைத் தடுத்து நிறுத்தினால் பறவைகள் பெருகும் என்று குடியிருப்போர் சிலர் ஒரு மனு எழுதிக்கொண்டு நம்மிடம் வந்தனர். திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘இறைவா, உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலை அப்போதுதான் அன்பியக் கூட்டங்களில் விளக்கி வந்தோம். எனவே மனுவை ஒரு முறைக்கு இரு முறை படிக்கவும் தோன்றவில்லை. கையொப்பமிட்டதோடு அடுத்த ஞாயிறு மறையுரையிலும் அதனை ஆதரித்துப் பேசினோம். திருப்பலி முடிந்ததும் திருப்பொருளறை வாயிலில் ஒரு மூதாட்டி காத்திருந்தார். நான்கு எருமைகளை வைத்துப் பால் விற்றுப் பிழைப்பவர்.

“எங்க எருமைங்க அந்த ஏரிக்கு என்ன பாவம் செஞ்சுது சாமி? அதுங்க இறங்கி மேயறதாலதான் தண்ணி கண்ணுக்குத் தெரியுது. தண்ணி தெரிஞ்சாத்தானே கொக்கு வரும்? பால் வித்து நான் நாலு காசு பார்க்கிறேனே, அதனாலே நான் ஏரிக்கு ஆகாதவளா?”

“அப்படியில்லை அம்மா” என்று தொடங்கிய நாம் அதற்கு மேல் என்ன கூறினோம் என்பது நினைவில் இல்லை. பொருளுள்ள எதையும் கூறியிருக்க மாட்டோம். குருமடத்தில் இறையியல் பயின்ற ஆண்டுகளில் படைப்பைப் பற்றி எத்தனையோ பாடங்களைக் கேட்டிருந்தும், அந்த அம்மா எழுப்பிய வினா நம் ஏடுகளில் இருந்ததில்லை. வேலி வந்தது. இரண்டு மழைக்காலங்கள் கழிந்தபின் ஏரியின் பெரும்பகுதியைச் சம்பும் ஆகாயத்தாமரையும் மூடிக்கொண்டன. அதற்கு முதற்காரணம் ஏரியிற் கலக்கும் சாக்கடை நீரே; எருமைகள் இருந்திருந்தால் எல்லாம் செம்மையாக இருந்திருக்கும் என்று கூற நாம் துணியவில்லை. ஆனால் எருமைகள் நடந்து நடந்து திறந்து வைத்திருந்த நீர்ப்பரப்பும் இப்போது இல்லை. வாத்தினங்கள் வேறிடம் தேடிச் சென்றுவிட்டன.

இந்நிகழ்ச்சிக்குப் பின்னரே, இதே தவற்றை நம்மினும் மிகப் பெரியோர் பல ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்கின்றனர் என்பதை அறிந்தோம். இராஜஸ்தானத்திலுள்ள பரத்பூர் என்னும் ஊரை அடுத்து, ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கேவலாதேவ் என்னும் நீர்நிலைக் காடு உள்ளது. உலகப் புகழ்பெற்ற பறவைகள் புகலிடம். 1982இல் அது தேசியப் பூங்காவாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் அங்கே எருமைகளும் மாடுகளும் நுழைதல் அறவே தடுக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கே மேய்த்து வந்த கிராம மக்கள் எதிர்த்துக் கிளர்ந்தனர். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. மேய்ச்சல் நின்றால் பறவைகள் செழிக்கும் என்பதே அன்று அறிஞர் பலரின் துணிபு. இந்தியாவின் பறவை மனிதர் எனப் போற்றப்படும் சாலிம் அலி அவர்களும் அதே கருத்தினர். ஆனால் நடந்ததோ வேறு. எருமைகளால் மேயப்பட்டு வந்த ஒருவகை நீர்ப்புல், தின்பாரற்றுப் பாய்விரித்தாற்போல் நீர்ப்பரப்பை மூடிற்று. நீந்தும் பறவைகளுக்கு வெளி குறைந்தது. மீன்களின் இயக்கமும் தடைப்பட்டது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் அங்கே பத்தாண்டுக் காலம் செய்த ஆய்வின் முடிவு, எருமைகள் அந்நீர்நிலைக்கு வேண்டியவையே என்பதாகும். தம் அமைப்பின் பெருந்தலைவர் கொண்டிருந்த கருத்துக்கு மாறான முடிவை அவ்வமைப்பினரே வெளியிட்டனர் என்பது அறிவுலகின் நேர்மைக்கு ஒரு சான்று. மறையுரை மேடையிலிருந்து கூறியவற்றைத் திரும்பப் பெறும் வழக்கம் நம்மவரிடையே அவ்வளவாக இல்லை.

பிழை எங்கே நேர்ந்தது? தூய்மை என்பது மனிதன் இல்லாமை என்று நாம் எண்ணிக்கொண்டதில்தான். தொடக்க நூலின் இரண்டாம் அதிகாரத்தில் இறைவன் மனிதனைத் தோட்டத்தில் வைத்தபோது இரு பணிகளை ஒருங்கே அளித்தார்: நிலத்தில் உழைத்துப் பயன்கொள்ளுதல் ஒன்று, அதனைக் காத்தல் மற்றொன்று. மேற்கூறிய சுற்றுமடலும் இவ்விரண்டையும் இணைத்தே விளக்குகிறது. நாமோ இரண்டையும் இரு வேறு மனிதருக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டோம். பயன்கொள்பவன் குடியானவன், அவன் ஐயத்திற்குரியவன். காப்பவன் சீருடை அணிந்தவன், அவன் நம்பத்தக்கவன். தோட்டத்தில் இருந்தவன் ஒருவனே என்பது நமக்கு மறந்துபோயிற்று. நம் முன்னோர் முல்லை நிலத்தை வகுத்தபோது காட்டையும் ஆநிரையையும் ஆயரையும் ஒரே திணைக்குள் வைத்தனர் என்பதும் இங்கு எண்ணத்தக்கது.

தமிழ்நாட்டில் இவ்வினா இன்று உயிர்ப்போடு நிற்கும் இடம் பர்கூர் மலை. ஈரோடு மாவட்டத்தில், அந்தியூருக்கு மேலே, கர்நாடக எல்லையை ஒட்டியது. செந்நிற உடலில் வெண்திட்டுகள் கொண்ட மலைமாடுகள் அங்கே உண்டு. சமவெளி மாட்டைப் போல் கட்டுத்தறிக்கு அடங்கியவை அல்ல, விரைந்து நடப்பவை, அயலாரைக் கண்டால் மிரள்பவை. லிங்காயத்து மக்களும் சோளகரும் அவற்றைக் காட்டினுள் ‘பட்டி’ அமைத்து வளர்க்கின்றனர். பகலெல்லாம் மேய்ந்த மாடுகள் இரவில் முள்ளடைப்புக்குள் வந்து அடையும். ஒரு பசு தரும் பால் மிகச் சொற்பம். அதுவும் பெரும்பாலும் கன்றுக்கே போய்விடும். கன்றுகளை விற்பதாலும் பட்டியில் திரளும் சாணத்தை எருவாக விற்பதாலுமே வருவாய். ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் சந்தையில் இம்மாடுகளைக் காணலாம். தீவனத்திற்குச் செலவில்லை என்பதே இத்தொழிலின் ஆதாரம். காட்டை எடுத்துவிட்டால் கணக்கு அன்றே முறிந்துவிடும்.

மாடு நடந்தால்தான் காட்டில் தடம் இருக்கும் என்பது மேய்ப்போர் கூற்று. புல் உலர்ந்து முழங்கால் அளவு நிற்கும் கோடையில், மேயப்பட்ட இடத்தில் தீ தாழ்ந்து எரியும். மேயப்படாத இடத்தில் மரத்தைப் பற்றும். இதனை உணரப் பெரும்புலமை தேவையில்லை. காட்டில் வேற்றாள் கால்வைத்தால் முதலில் அறிபவனும் பட்டிக்காரனே.

2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பின்னர் அதே மாதத்தில், தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றுக்கு மட்டும் உரியதாக அதனைச் சுருக்கிக்கொண்டது. 2024 ஜனவரியிலோ பர்கூர் மலையை உள்ளடக்கிய 80,567 ஹெக்டேர் காடு, தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்த மலைமக்களுக்கு அச்சம் பிறந்ததில் வியப்பில்லை. மேய்ச்சலும் ஓர் உரிமையே என்று 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கூறுகிறது. இன்னொரு புறம், இந்த மாட்டினம் அழிந்துவிடலாகாது என்று அரசின் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமே பர்கூரில் ஆராய்ச்சி நிலையம் நடத்துகிறது. இனத்தைக் காப்பதும் அரசே, மேய்ச்சலைச் சுருக்குவதும் அரசே. எவரையும் குறைகூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. இரு தரப்பிலும் நல்லெண்ணம் இருப்பதாகவே நம்புகிறோம். நல்லெண்ணம் போதாது என்பதற்கு நம் ஏரியே சான்றாக இருக்கிறது.

இனி, மூதாட்டியின் வினாவில் கடினமான பகுதிக்கு வருவோம். காசு பார்ப்பதனால் அவர் ஏரிக்கு ஆகாதவரா?

இலாபம் என்னும் சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பது ஆன்மிகம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். புனித தோமா அக்குவினா அப்படி எண்ணவில்லை. தமது இறையியல் தொகுப்பின் இரண்டாம் பாகத்தில் வாணிகத்தை ஆராயும் அவர், இலாபம் தன்னளவில் நல்லதும் அன்று, தீயதும் அன்று. அது எதை நோக்கிச் செல்கிறதோ அதனால் தன் தன்மையைப் பெறுகிறது என்று விளக்குகிறார். இல்லத்தைத் தாங்குவதற்கோ வறியோர்க்கு உதவுவதற்கோ அளவோடு தேடும் ஊதியம் குற்றமற்றது. எல்லையே அறியாமல் பெருகிக்கொண்டே போக விழையும் ஊதிய வேட்கையையே அவர் கண்டிக்கிறார். குருமடத்தில் இதனைப் படித்தபோது தேர்வுக்குரிய ஒரு பகுதியாகவே நமக்குத் தோன்றியது. ஒரு மாட்டுப்பட்டியை முன்வைத்துப் படித்தால் அது வேறாகத் தோன்றுகிறது.

2023 செப்டம்பரில் நீலகிரியில் அவலாஞ்சி அருகே இரண்டு புலிகள் இறந்து கிடந்தன. நஞ்சு கலந்த மாட்டின் உடலைத் தின்றதே காரணம் எனத் தெரியவந்தது. தன் மாட்டைப் புலிக்குப் பறிகொடுத்த ஒருவர் கைதுசெய்யப்பட்டார். அவர் செய்தது குற்றம்; அதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆனால் ஒரு மாட்டின் இழப்பு ஒரு குடும்பத்திற்கு என்ன என்பதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? தொழிலில் சிறிது மிச்சம் காண்பவன், சிறுத்தைக்கு ஒரு கன்று போயிற்று என்று பெருமூச்சோடு நடந்துவிடுவான். விளிம்பில் நிற்பவனுக்கு அந்தப் பெருமூச்சுக்கும் வசதியில்லை. ஆகவே மேய்ப்பவனின் இலாபம் அவன் பொறுமைக்கு இடம் தருகிறது. நல்ல ஆயனையும் கூலியாளையும் ஆண்டவர் வேறுபடுத்திக் காட்டியதை நாம் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். ஓநாய் வரும்போது ஓடிப்போகிறவன் கூலியாள். மந்தை தன்னுடையது அன்று என்பதால் ஓடுகிறான். காட்டில் தனக்குப் பங்கு இல்லை என்று ஒருவனிடம் சொல்லிவிட்டால், அவனைக் கூலியாளாக ஆக்கியவர் யார்?

காங்கேயம் பகுதியின் கொறங்காடுகளை இங்குக் குறிப்பிட வேண்டும். திருப்பூர், கரூர், ஈரோடு மாவட்டங்களின் மழை குறைந்த மேட்டு நிலங்களில், கிளுவை உயிர்வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் வளர விட்டு, ஒரு பகுதி மேயும்போது மறுபகுதி ஓய்வு பெறுமாறு மாற்றி மாற்றி மேய்க்கும் தனியார் மேய்ச்சல் காடுகள் அவை. கோடையில் புல் தீய்ந்துபோனால் வெள்வேல நெற்று மாட்டைக் காப்பாற்றும். சொந்த மாடு இல்லாதவர் ஆண்டுக் குத்தகைக்கு விட்டும் வருவாய் பெறுவர். காங்கேயம் காளைக்கு உரம் தந்தவை இக்காடுகளே. அவ்வேலிகளிலும் மரங்களிலும் பறவைகள் குடியிருப்பதற்கு எவரும் திட்டம் தீட்டவில்லை. வேலி உயிரோடு இருப்பதால் அவையும் இருக்கின்றன. மாட்டால் வரும் வருவாய் குறைந்து, மனைப்பிரிவால் வரும் வருவாய் பெருகும்போது கொறங்காடு மறைகிறது. பறவைக்கு அங்கே காவலாக நிற்பது மாட்டின் விலைதான்.

அயர்லாந்தின் மேற்குக் கரையில், கிளேர் மாவட்டத்தில், பர்ரன் என்னும் சுண்ணாம்புப் பாறை மேட்டு நிலம் ஒன்று உண்டு. பிற நாட்டார் கோடையில் மாட்டை மலைக்கு ஏற்றுவர். இவர்களோ குளிர்காலத்தில் ஏற்றுவர். குளிர்காலத்தில் அவை முற்றிய புல்லைத் தின்று நிலத்தைத் திறந்துவிடுவதால், வசந்தத்தில் அப்பாறை இடுக்குகளில் அரிய மலர்கள் பூக்கின்றன. கொட்டிலில் அடைத்துத் தீவனம் போடும் முறை பரவியபோது மலையேறும் மாடுகள் குறைந்தன, புதர் மண்டிற்று. 2005 முதல் 2010 வரை நடந்த ஒரு திட்டத்தின் வழியாகவும் அதன்பின் வந்தவற்றாலும் உழவர்களுக்கே ஊதியம் தரப்பட்டது. அதில் நம் உள்ளத்தைக் கவர்ந்தது ஒன்று. ஒவ்வொரு புல்வெளிக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இடுகின்றனர். மலர் செழித்த வயலுக்கு மிகுதியான பணம். நம் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல் அங்கே வயல்கள் தேர்வெழுதுகின்றன! பணத்திற்காகச் செய்தாலும் பூ பூக்கிறது. அந்த உழவரின் உள்ளத்தில் பக்தி உண்டா என்று பூ கேட்பதில்லை.

எதிர்த்தரப்பு வலுவற்றது என்று வாசகர்கள் கருதிவிட வேண்டா. 1968இல் முதுமலை, பந்திப்பூர் காடுகளில் காட்டுமாடுகள் வெக்கை நோய்க்கு இரையாயின. அது வளர்ப்பு மாடுகளின் நோய். உலகினின்றே அந்நோய் 2011இல் ஒழிந்துவிட்டதெனினும் கோமாரி முதலியவை இன்றும் உள்ளன. சீமைக் கருவேல நெற்றைத் தின்ற மாடு போகுமிடமெல்லாம் அதன் விதையைச் சாணத்தோடு விதைத்துச் செல்கிறது. இவற்றினும் நம்மைச் சிந்திக்க வைத்தது பந்திப்பூரில் செய்யப்பட்டு 2005இல் வெளியான ஓர் ஆய்வு. தம் வயலுக்கு எருவாகச் சாணத்தைப் பயன்படுத்தி வந்த சிற்றூர்களில், காப்பித் தோட்டங்கள் சாணத்தை விலைக்கு வாங்கத் தொடங்கியபின் மாடுகளை வளர்ப்பதே சாணத்திற்காக என்றாயிற்று. எங்கோ உலகச் சந்தையில் காப்பி விலை ஏறினால் இங்கே காட்டில் மாடுகள் பெருகின. புலியின் இரையாகிய தாவர உண்ணிகளுக்குப் புல் குறைந்தது. மாடும் காடும் சாணமும் பர்கூரில் உள்ளவை போன்றவையே. ஆயினும் இலாபத்தின் எல்லை கிராமத்தின் தேவையாக இராமல், கண்ணுக்கெட்டாத ஒரு சந்தையின் பசியாகிவிட்டது. அக்குவினா கண்டித்த எல்லையற்ற ஊதியம் இதுவே.

அப்படியானால் அளவை எங்கே வைப்பது? விடுதலைப் பயண நூலின் 23ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் உண்டு. நாம் அதனை வெகுகாலம் கவனியாமலே கடந்து சென்றிருக்கிறோம். ஆறு ஆண்டு விதைத்து அறுத்தபின் ஏழாம் ஆண்டில் நிலத்தைத் தரிசாக விடவேண்டும். அவ்வாண்டில் தானாக விளைவதை வறியவர் உண்ணட்டும். அவர்கள் உண்டு மிஞ்சியது காட்டு விலங்குகளுக்கு ஆகட்டும் என்கிறது சட்டம். திராட்சைத் தோட்டமும் ஒலிவத் தோப்பும் அவ்வாறே. உழுவதையோ விற்பதையோ இச்சட்டம் தடுக்கவில்லை. விலங்குக்கென்று தனி நிலம் ஒதுக்கி வேலியிடவும் சொல்லவில்லை. உழவனின் அதே வயலில், அவன் விட்டுவைக்கும் மிச்சத்தில், ஏழைக்கும் விலங்குக்கும் அடுத்தடுத்து இடம் தருகிறது. அந்த வரிசையை நோக்குங்கள். ஏழையைத் துரத்திவிட்டு விலங்கை அழைக்கவில்லை. உடையவன் முழுவதையும் வழித்தெடுக்கவும் விடவில்லை. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1990ஆம் ஆண்டின் அமைதி நாள் செய்தியைப் படைப்போடு ஒப்புரவாதல் பற்றியே எழுதினார்; அதிலும் வறியவரின் நிலையோடு பிணைத்தே இதனைப் பேசினார். பர்கூரில் எத்தனை மாடு, எந்தப் பருவத்தில், எந்தச் சரிவில் என்று அளவிடுவது இறையியலாரின் வேலை அன்று. அது மேய்ப்போரும் வனத்துறையினரும் புல்லறிந்த அறிஞரும் ஒன்றாக அமர்ந்து செய்யவேண்டியது. ஆனால் மேய்ப்போர் இல்லாமல் அமர்ந்தால் அது பரத்பூரில் போய் முடியும் என்று மட்டும் எச்சரிக்கலாம்.

பள்ளிக்கரணையில் 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாயிற்று. 2022இல் அச்சதுப்பு நிலம் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. நாம் மனமார வரவேற்கிறோம். குப்பையாலும் கட்டடத்தாலும் அது இழந்ததை எண்ணினால், எருமை உண்ட புல் ஒரு பொருட்டே அன்று என்பதையும் உடன் சொல்ல வேண்டும். மனு எழுதிய நாளில் ஏரியை அடைத்து எழும்பிக்கொண்டிருந்த அடுக்கு வீடுகளுக்கு எதிராக நாம் ஏன் கையொப்பமிடவில்லை? அவ்வீடுகளில் வாழ்வோரும் நம் பங்கு மக்கள், காணிக்கை தருவோர். எருமைக்காரி ஒருவர்தாம். இதனை எழுத நமக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆயினும் எழுதாவிட்டால் மேலே கூறியவை எல்லாம் பொய்யாகும்.

சென்ற தவக்காலத்தில் இரண்டாவது மனு ஒன்றை எழுதி அனுப்பினோம். வேலியை நீக்குமாறு கேட்கவில்லை. கிழக்குக் கரையில் ஒரு கதவு வைத்து, பறவைகள் கூடு கட்டும் மாதங்கள் நீங்கலாக, உள்ளூர் எருமைகளைக் கணக்கிட்டு விடலாம் என்று கேட்டோம். ஞாயிறு திருப்பலியில் அதனை அறிவித்தபோது சிலர் முகம் மாறியதைக் கண்டோம். மறுமொழி இன்னும் வரவில்லை. மூதாட்டி அன்றும் திருப்பொருளறை வாயிலில் நின்றார். நான்கு எருமைகளில் இரண்டை விற்றுவிட்டாராம். வைக்கோல் விலைக்குக் கட்டுப்படியாகவில்லையாம்.

“கதவு வைப்பாங்களா சாமி?” என்று கேட்டார்.

“எழுதியிருக்கிறோம் அம்மா” என்றோம்.

“வைக்கட்டும். அதுவரைக்கும் மீதி ரெண்டும் இருக்கணுமே” என்று சொல்லிவிட்டுப் பால்தூக்கை எடுத்துக்கொண்டு நடந்தார்.